இன்னும் இரண்டு பாளம்

"இன்னைக்கு ஐஸ் கிடையாது அண்ணாச்சி. மெஷினை நிறுத்தப் போறேன்."

இதைச் சொல்லும்போது கைலாசத்தின் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகை இல்லை, அமோனியா. தென்காசியில் அந்த ஐஸ் பாக்டரிக்கு அவன்தான் மெஷின்காரன். சாரல் நின்று, குற்றாலத்துக் கூட்டமும் கலைந்துவிட்டது. சோடாக்கடைக்காரர்கள்கூட வருவதில்லை.

எதிரே அச்சன்புதூர் முப்பிடாதி தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். வாசலில் அவருடைய மாட்டுவண்டி ஐஸ் உருகாமல் மூடிக்கொண்டுபோக உமி மூட்டையோடு காத்திருந்தது. முந்தாநாள் காலமான அவருடைய அண்ணனுக்குத்தான் ஐஸ். பட்டாளத்தில் இருக்கும் மகன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று உடலை வீட்டிலேயே வைத்திருந்தார்கள்.

"ரெண்டே ரெண்டு பாளம் தம்பி. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

"நேத்தும் இதையேதான் சொன்னிய. இங்கன வந்து பாருங்க."

கைலாசம் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். அமோனியா டேங்க் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. இரும்பு கண்ணுக்கே தெரியாது. உள்ளே இருக்கும் குளிர் வெளியேறாமல் இருக்கத் தக்கைப் பலகைகளை வைத்து, அதன் மேல் சாக்கைச் சுற்றித் தார் பூசியிருந்தார்கள். அடிப்பக்கத்தில் மட்டும் உறை கிழிந்து, அந்த இடத்தில் வெள்ளைவெளேரென்று பனி பூத்திருந்தது. கைலாசம் ஒரு கந்தகத் திரியைக் கொளுத்தி அங்கே நீட்டினான். குபுகுபுவென்று வெண்புகை எழுந்தது.

"புகை வந்துச்சா? அமோனியா கசியுதுன்னு அர்த்தம். மேல தார் பளபளன்னு இருக்கு, உள்ள இரும்பு துருப்பிடிச்சுக் கெடக்கு. எம்புட்டுத் துருன்னு உறையை உரிச்சாத்தான் தெரியும். சாயந்திரம் இதைச் சரிபண்ண மதுரையில இருந்து பிட்டர் வாரார். அதுக்குள்ள இது வாயைப் பொளந்துச்சுன்னா எனக்குக் கண்ணு இருக்காது."

முப்பிடாதி தாரைத் தடவிப் பார்த்தார்.

"உள்ள இப்படி இருந்தும் வெளிய ஒண்ணும் தெரியலியே" என்றார்.

"ரெண்டு நாளா இதுல ஈரச்சாக்கைச் சுத்திச் சுத்தி ஓட்டுதேன். வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கேன். யாருக்காக? ஒங்க அண்ணன் மகனுக்காக. எங்க அப்பா செத்தப்ப நான் கொல்லத்துல வேலை பாத்தேன். வந்து சேந்தப்போ சாம்பல்தான் இருந்துச்சு. அந்தக் குறை இன்னும் தீரலை."

கைலாசம் கந்தகத் திரியை அணைத்தான்.

"சரி, அவன் எங்கன வாரானாம்? மெட்ராஸ் வந்துட்டானா?"

"வந்துக்கிட்டிருக்கான்னுதான் வீட்டுல சொல்லியிருக்கேன்."

"நீங்க சொல்லுதது இருக்கட்டும். என்னைக்கு வருவான்?"

முப்பிடாதி ஐஸ் தொட்டியை எட்டிப் பார்த்தார். தண்ணீர் பாதிதான் உறைந்திருந்தது. மதியம் வரைக்கும் மெஷின் ஓடினால்தான் அது பாளமாகும்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. கூடப்பொறந்த தம்பிதான நீங்க? நீங்களே கொள்ளி வச்சிருங்க. ஊரு ஒண்ணும் சொல்லாது."

"நான் வைக்கக் கூடாது."

"ஏன் கூடாது? நாளைக்குச் சனிக்கிழமை. சனிப் பொணம் தனியாப் போகாதும்பாவ. ஒங்க அண்ணன் மருமவ வேற நிறைமாசமா இருக்கான்னு சொன்னிய. அந்தப் புள்ளையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

"அந்தப் புள்ள மாரித்தாயை நினைச்சுத்தாம்ல வந்து நிக்கேன்."

கைலாசத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மகன் கையால்தான் கொள்ளி வைத்தார்கள் என்று ஊர் மெச்ச வேண்டும், அதற்கு இன்னொருத்தன் கண் போனாலும் பரவாயில்லை. இதென்ன வீம்பு? விறுவிறுவென்று போய் வால்வைத் திருகி மூடினான். சுவிட்சைத் தட்டினான். மெஷினின் பெல்ட் இரண்டு சுற்று தயங்கிச் சுற்றிவிட்டு நின்றது.

"ஒங்களுக்குக் கல்லு மனசு அண்ணாச்சி. பெரியவரை இப்படிப் போட்டு வச்சிருக்கியளே, பாவம் இல்லியா? போங்க, போய் ஆக வேண்டியதைப் பாருங்க."

முப்பிடாதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அமோனியாதான் எரிக்கிறது என்று கைலாசம் நினைத்தான்.

"வெளிய போயி உக்காருங்க. கண்ணு அவிஞ்சிரும்."

அவர் எழுந்திருக்கவில்லை. வண்டிக்காரன் காதில் விழுமோ என்று வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"சனிப் பொணம் தனியாப் போகாதுன்னியே தம்பி, அண்ணனுக்குத் துணை முன்னாலயே போயாச்சு. மகன் பனிச்சரிவுல செத்துப்போனான்னு அவன் பட்டாளத்துச் சேக்காளி வயக்காட்டுல வந்து சொன்னான். அதைக் கேட்டுத்தான் அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சாரு. மதினிக்குக்கூட இன்னும் தெரியாது. விடியக்காலம் மாரித்தாய்க்கு வலி கண்டுட்டு. பிள்ளை பூமியில விழுத வரைக்கும் புருசன் ரயில்ல வாரான்னு அவ நம்பணும். நான் கொள்ளிச் சட்டியைத் தூக்கினா அவளுக்கு எல்லாம் தெரிஞ்சு போயிரும்லா?"

கைலாசம் ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்து, டேங்க்கின் அடியில் இறுக்கிச் சுற்றினான்.

"நீங்க வெளிய நில்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வால்வைத் திறந்து சுவிட்சைப் போட்டான்.