திருகாணி வைத்த கழுத்து

சிம்மக்கல்லுக்குக் கடைச்சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய ராம்கி, அதற்குச் சம்பந்தமே இல்லாத திசையில், திருப்பரங்குன்றம் ரோட்டில் பைக்கோடு விழுந்து கிடந்தான். கழுத்தெலும்புகளில் உச்சியில் இருக்கும் இரண்டையும் திருகாணி போட்டு ஒன்றாக இறுக்கினார்கள்.

"ஆமான்னு தலையாட்டலாம். இல்லைன்னு ஆட்ட வராதும்மா. தாடை இனி தோள் பக்கம் போகாது" என்றார் டாக்டர்.

எட்டு மாதமாக அவன் மனைவி நாகஜோதிதான் குளிப்பாட்டினாள், எதிரே உட்கார்ந்து ஊட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவன் துணிகளோடு கட்டிக் கொடுத்த பையில் ஒற்றைப் பெண் செருப்பு இருந்தது. அவளுடையது இல்லை. அதைப் பற்றி மட்டும் அவள் கேட்கவில்லை.

இன்று காலை எடுத்த எக்ஸ்ரேயில் திருகாணிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. வீட்டுக்கு வந்து, பின்னால் நின்று அவனுக்குத் தலை சீவியபடி கேட்டாள்.

"என்னங்க, அன்னைக்குத் தனியாத்தான் போனீங்களா?"

"ஆமாடி, தனியாத்தான் போனேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவன் தலை மெல்ல இடது தோளுக்குத் திரும்பியது. பிறகு வலது தோளுக்கு. ராம்கி பதறிப்போய் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்தான்.

நாகஜோதி அவன் தலையிலிருந்து சீப்பை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். வாய் "தனியாத்தான், தனியாத்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்க, பிடித்த கைகளையும் இழுத்துக்கொண்டு தலை இல்லை, இல்லை என்று ஆடியது.