தொண்ணூற்றேழு

“தொண்ணூத்தேழு மேடம். தாத்தா ஜம்முனு இருக்காரு,” என்று ரிஜிஸ்டரை நீட்டினாள் நர்ஸ் ப்ளெஸ்ஸி.

மனோன்மணி அதை வாங்காமல் கட்டிலையே பார்த்தாள். திருத்தணி மலையடிவாரத்து முதியோர் இல்லத்தின் நர்ஸ்களுக்கு மூச்சுப் பராமரிப்பு கற்றுக்கொடுக்கச் சென்னை மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்திருந்தாள். வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

“ஐயா, மூச்சு வாங்குதா?”

“இல்ல...ம்மா... நல்லா...தான்...” கட்டிலில் சாய்ந்திருந்த முதியவர் சிவப்பிரகாசத்தால் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினாள். நான்கு நாளாகக் காலையும் மாலையும் ஆக்சிஜன் அளவு 97. அவள் முகம் மாறியது.

அவர் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினாள். எண் வரவில்லை. விரல் ஜில்லென்று இருந்தது. தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடேற்றி, மறுபடி மாட்டினாள்.

79.

“தலைமாட்ட தூக்குங்க! ஆக்சிஜன் வைங்க! யாராவது நூத்தெட்டுக்குப் போன் போடுங்க!”

ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு, இன்சார்ஜ் நர்ஸ் பிரிஸில்லாதான் முதலில் பேசினாள்.

“மிஷின் பழசு மேடம். மாத்தச் சொல்லிக்கினேதான் இருக்கேன்.”

“மிஷின் நல்லாத்தான் இருக்கு.” மனோன்மணி ப்ளெஸ்ஸியின் பக்கம் திரும்பினாள். “அவரு விரல்ல ரீடிங் வரல. உன் விரல்ல மாட்டி எழுதிட்ட. அதானே?”

ப்ளெஸ்ஸிக்கு அழுகை வந்துவிட்டது. “கட்டம் காலியா இருந்தா ரவுண்ட்ஸ்ல டாக்டர் கத்துவாரு மேடம்...”

“நாலு நாளா அவரு மூச்சுக்குத் தவிச்சிக்கினு இருந்திருக்காரு. நீ உன் மூச்ச எழுதிக்கினு இருந்திருக்க. அவரு பொழைக்கலன்னா என்ன பதில் சொல்லுவ? யாரு சொல்லிக்கொடுத்தா இத?”

ப்ளெஸ்ஸியின் கண் பிரிஸில்லாவிடம் போய் நின்றது.

“நான்தான்,” என்றாள் பிரிஸில்லா.

“இன்சார்ஜ் நீங்களேவா? வெக்கமா இல்ல?”

“இருக்கு மேடம். எனக்கு சென்னையில கொரோனா வார்டுல ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தாங்க. எல்லாரும் தலையிலேர்ந்து கால் வரைக்கும் மூடிக்கினு இருந்தோம், யாரு முகமும் யாருக்கும் தெரியல. டிரஸ்ஸு மேல பேரை மட்டும் மார்க்கர்ல எழுதி இருப்போம்.”

பிரிஸில்லா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவங்க டிரஸ்ஸுல மனோன்மணின்னு எழுதி இருந்துச்சு.”