கரகரப்பு போன கார்

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டுமே குடித்திருந்த மைக்செட்டு ரிப்பேர்காரன் ஒச்சப்பனுக்கு வயிறு முதுகோடு ஒட்டிக்கிடந்தது. செம்பட்டி முக்கில் நின்ற தேர்தல் காரின் ஒலிபெருக்கியைச் சரிசெய்தால் இலை போட்டுச் சோறு என்றிருந்தார் வேட்பாளர் பொன்னுத்துரை.

"என்ன பேசினாலும் கரகரங்குது அப்பு. ஒரு சொல்லு வெளங்கல. அப்படியும் மூணு நாளா ஊருக்கு ஊரு கூட்டம் ஓடியாருது. தெளிவாக் கேட்டா ஜெயிச்சுருவேன்ல?"

"மைக்குல பேசுங்க, பாப்போம்."

அவர் கத்தக் கத்த, காரின் முன்விளக்கு மங்கியது. கரண்டு சரியாக ஏறவில்லை என்று ஒச்சப்பனுக்குப் பிடிபட்டது. பாட்டரி முனையில் களிம்பு பூத்திருந்தது. சுரண்டி எடுத்து, கம்பியை இறுக்கி முடுக்கினான். அதற்குள் கரகரப்பைக் கேட்டு ஊரே ஓடிவந்துவிட்டது.

"வாக்காளப் பெருமக்களே!"

குரல் மணிபோல் கேட்டது.

முன்னால் நின்ற ஜக்கம்மாளுக்கு முகம் சுருங்கியது. "அடச்சீ, ஓட்டுக் காரா? கரகரங்கவும் டூரிங் கொட்டகைக் காரு, புதுப் படம் மாத்திட்டாகன்னுல்ல உலையப் போட்டுட்டு ஓடியாந்தேன்!"

செத்த நேரத்தில் முக்கே காலியானது.

"ஏலே, பழையபடி கரகரக்க வையி. அப்புறந்தான் சோறு!" என்றார் பொன்னுத்துரை.

சுரண்டிய களிம்பு காற்றோடு போய்விட்டது. ஒச்சப்பனுக்கு ஒரு இலைச் சோறு இன்னும் பாக்கி.