முத்திரை விழுந்த மஸ்டாங்

அடிபட்ட காரைப் புதிதுபோல ஆக்கித் தரச் சொல்லித்தான் பிரான்காச்சோவில் இருந்த கிறிகோரியின் பட்டறைக்கு எல்லோரும் வருவார்கள். நல்ல காரை அடிபட்ட கார்போல ஆக்கித் தரச் சொல்லி வந்த முதல் ஆள் சிஞ்ஞோர் ருஜ்ஜேரோதான்.

அதுவும் சாதாரணக் கார் அல்ல. 1969ஆம் ஆண்டு மஸ்டாங். கருஞ்சிவப்பு நிறம், நீண்ட மூக்கு. ஸ்டார்ட் செய்தால் அயல்வீட்டு யன்னல்கள் அதிரும். ருஜ்ஜேரோ அதை அமெரிக்காவிலிருந்து கப்பலில் இறக்கியிருந்தார். மொண்டெல்லோக் கடற்கரையில் அவருக்கு உணவகம் இருந்தது. அவருடைய வீட்டில்தான் கிறிகோரியின் மனைவி புனிதமலர் வேலை செய்தாள்.

“நானும் மனுசியும் பிரியப் போறம். இருக்கிற எல்லாத்துக்கும் விலை போட்டு ரெண்டாப் பிரிக்கச் சொல்லிக் கோர்ட் சொல்லுது,” என்றார் ருஜ்ஜேரோ. “காரை நான்தான் வைச்சிருப்பன். ஆனால் அதின்ரை பாதி விலையை அவளுக்குக் குடுக்க வேணும். விலை விழுந்தால் எனக்கு லாபம்.”

கிறிகோரிக்கு விளங்கியது. அமெரிக்காவில், நொறுங்கிய கார் இனி உதவாது என்று காப்புறுதிக் கம்பனி கழித்துவிட்டால், உரிமைப் பத்திரத்தில் ‘சால்வேஜ்’ என்று முத்திரை விழும். பிறகு எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் அந்த முத்திரை போகாது. பழைய கார் சேர்க்கிறவர்கள் அதைக் கண்டதும் முகம் சுளித்துப் பாதி விலைக்குக் கேட்பார்கள். போன வருடம் ஒரு அமெரிக்கக் கடற்படைக்காரன் விட்டுப்போன கார் அப்படித்தான் விலைபோகாமல் பட்டறையில் மாதக்கணக்காகக் கிடந்தது. வீட்டில் அவன் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பியிருந்தான்.

முத்திரை விழுந்த கள்ளப் பத்திரம் ஒன்றை ருஜ்ஜேரோ போர்கோ வெக்கியோவில் ஒருவனைக் கொண்டு ஏற்கெனவே செய்வித்திருந்தார். அதற்கு ஏற்றமாதிரிக் காரின் அடியில் நாலைந்து வெல்டிங் தழும்புகள் வேண்டும். முன்பக்கத்தில், பள்ளம் நிரப்பும் பட்டி தடிப்பாகக் கொஞ்சம் வேண்டும். எல்லாம் பிறகு சுரண்டி எடுக்கக்கூடியவை. கோர்ட் அனுப்பும் மதிப்பீட்டாளர் கேட்டால், முன்பு நொறுங்கித் திருத்தின கார் என்று கிறிகோரி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

“என்னாலை ஏலாது, சிஞ்ஞோர். உங்கடை சிஞ்ஞோரா எங்களுக்கு எவ்வளவோ செய்தவ.”

“உன்ரை மனுசியின்ரை பெர்மெஸோ, இஞ்சை இருக்கிறதுக்கான அனுமதி, முடியப் போகுது. அவளின்ரை வேலைக் கடிதத்திலை கையெழுத்துப் போடுறது நான். கடிதம் இல்லாமல் போனால் கெஸ்தூராவிலை பொலிஸ்காரர் என்ன சொல்லுவாங்கள் எண்டு உனக்குத் தெரியுந்தானே?”

கிறிகோரி வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டினான்.

புனிதமலருக்கு அவன் எதையும் சொல்லவில்லை. அவளுக்கு ஒப்பரேசன் நடந்தபோது, ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் சிஞ்ஞோரா எமிலியானா. அந்த முகத்துக்கு நேரே பொய் சொல்லப் போகிறோமே என்று நினைக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“என்னப்பா, காய்ச்சலோ?” என்று புனிதமலர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஒண்டுமில்லை. வேலை கூட.”

மதிப்பீட்டாளர் வந்த அன்று ருஜ்ஜேரோவும் வந்தார். சிஞ்ஞோராவும் வந்தாள். போதாக்குறைக்கு, துணைக்கு என்று புனிதமலரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கிறிகோரி குனிந்து கருவிகளை அடுக்கத் தொடங்கினான்.

மதிப்பீட்டாளர் டோர்ச் லைற்றுடன் காருக்கு அடியில் நுழைந்தார். தழும்புகளைத் தடவினார். பொனெற்றைத் தட்டிப் பார்த்தார். பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

“நொறுங்கின காரோ இது?”

“ஓம்,” என்றான் கிறிகோரி, நிலத்தைப் பார்த்தபடி. “முன்பக்கம் முழுக்கப் போய், பிறகு திருத்தின கார்.”

“வித்தவங்கள் என்னை ஏமாத்திப்போட்டாங்கள்,” என்று ருஜ்ஜேரோ உருக்கமாகப் பெருமூச்சு விட்டார்.

நல்ல மஸ்டாங்கின் விலையில் பாதியைத்தான் மதிப்பீட்டாளர் எழுதினார். சிஞ்ஞோரா கைக்குட்டையால் கண்ணை ஒற்றினாள். கிறிகோரி அங்கேயே செத்துப்போகலாம் என்று நினைத்தான்.

“நாங்கள் கலியாணம் முடிச்ச வருசம் வாங்கின கார் இது,” என்றாள் அவள். “நொறுங்கினதெண்டாலும் பரவாயில்லை. உந்த விலைக்கே என்ரை பங்கிலை சேர்த்து எழுதுங்கோ.”

ருஜ்ஜேரோவின் முகம் வெளிறியது. “அது என்ரை கார்!”

“உங்களை ஏமாத்தின கார்தானே, சிஞ்ஞோர்? போனால் போகட்டுமே,” என்றார் மதிப்பீட்டாளர். எழுதியும் விட்டார்.

இப்போது நல்ல கார் என்று ருஜ்ஜேரோ சொன்னால், கள்ளப் பத்திரம் அடித்தது யார் என்ற கேள்வி வரும். சாவியைப் பொனெற்றின் மேல் எறிந்துவிட்டு வெளியே போனார்.

மதிப்பீட்டாளரும் போன பிறகு சிஞ்ஞோரா கைக்குட்டையை மடித்தாள். அதில் ஒரு துளி ஈரம் இல்லை.

“கிறிகோரி, உந்தப் பட்டியையும் வெல்டிங்கையும் எடுத்துவிடும். அமெரிக்காவுக்கு எழுதி உண்மையான பத்திரத்துக்கு நான் கொப்பி எடுத்திட்டன். அதிலை ஒரு முத்திரையும் இல்லை. இவவின்ரை வேலைக் கடிதத்திலை இனி நான் கையெழுத்துப் போடுறன்.”

அவள் போனதும் கிறிகோரி ஒரு பழைய டயரின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

“அவவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, மலர். எனக்கு விளங்காதது ஒண்டுதான். தன்ரை காரிலை ஒரு கீறல் விழுந்தாலே துடிக்கிற மனுசன் அவர். அவருக்கு உந்த முத்திரைப் புத்தியை ஆர் குடுத்தது?”

புனிதமலர் அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த பட்டித் தூளைத் துடைத்துவிட்டாள். “உங்கடை முகம் காட்டிக் குடுத்திடும் எண்டுதான் நாங்கள் ரெண்டு பேரும் உங்களுக்குச் சொல்லேல்லை.”

“என்னத்தை?”

“அவர் கோப்பி குடிக்கேக்கை, அதை மெல்லமாக் காதிலை போட்டது நான்தான்.”