ஒன்பதாவது இலக்கம்

ஐந்தாவது வரியில் ராபர்ட் ஒரு நொடி நின்றார். மஹ்விஷ் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"எழுபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது," என்றார்.

சரிதான். அவள் மூச்சு விட்டாள்.

பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் ராபர்ட்டின் முகமும் அவளும். அந்தப் பக்கம் திறந்த மண்டையும் டாக்டர் முத்துகிருஷ்ணனும்.

கட்டி, பேச்சுக்கான இடத்தை ஒட்டி இருந்தது. அதனால் விழிக்க வைத்தே அறுவை. டாக்டர் ஒவ்வோர் இடமாக மெல்லிய மின்சாரத்தால் தொடுவார். பேச்சு பிசகினால் பேச்சுப் பயிற்சியாளரான மஹ்விஷ் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் ஒரு சின்னச் சீட்டு வைப்பார். சீட்டு வைத்த இடத்துக்குக் கத்தி போகாது. அங்கே கட்டி இருந்தால் அப்படியே தங்கிவிடும்.

மற்றவர்கள் ஒன்று, இரண்டு எண்ணுவார்கள். சிலர் பாடுவார்கள். ராபர்ட் சாந்தோமில் கணக்கு வாத்தியார்.

"ஒண்ணு ரெண்டு எண்றதுக்கு மூளை எதுக்கு மேடம்?" என்று நேற்று அடையாறு ஆஸ்பத்திரி வார்டில் ஒரு தாளை நீட்டினார்.

ஏழில் தொடங்கி, வலப்பக்கம் ஒவ்வோர் இலக்கமாகக் கூடிக்கொண்டே போகும் எட்டு வரிகள். எட்டும் பகா எண்கள். எட்டாவதோடு சரி. அதன் பின்னால் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் வேறு எதனாலோ வகுபட்டுவிடும்.

"அதுக்கு மேல ரோடு இல்ல. திரும்ப ஏழுக்கு வந்துடுவேன்."

ஆறாவது வரி. ஏழாவது. அவளுடைய குதிகால் தரையில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று."

டாக்டர் அடுத்த இடத்தைத் தொட்டார்.

ராபர்ட் ஏழுக்குத் திரும்பவில்லை.

"எழுபத்து மூன்று கோடியே," என்று தொடங்கினார். "தொண்ணூற்று மூன்று லட்சத்துத் தொண்ணூற்றோராயிரத்து முந்நூற்று முப்பத்தேழு."

ஒன்பது இலக்கம். நாக்கு குழறவில்லை. ஆனால் இல்லாத ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க டாக்டர்."

"பேச்சு நின்னுடுச்சா?"

"இல்ல. தப்பா சொல்றார்."

சீட்டு வைக்கப்பட்டது. இடுக்கி தட்டில் விழும் ஒலி அவளுக்குக் கேட்டது.

ராபர்ட்டின் கண்கள் அவள் மேலேயே இருந்தன. உதடு வறண்டிருந்தது.

"இன்னா மேடம், இலக்கத்தையெல்லாம் கூட்டிப் பாக்கலியா? நாப்பத்தஞ்சு வருது. மூணால வகுபடுது. போர்டுல நாமளே ஒரு தப்பு போட்டாத்தான், யாரு முழிச்சிக்கினு இருக்காங்கன்னு தெரியும்."

மஹ்விஷின் குதிகால் நின்றது.

"டாக்டர், அந்தச் சீட்டை எடுத்துடலாம்."

"நிச்சயமா?"

முகக்கவசத்துக்குள் அவள் உதடுகள் அசைந்தன. ஏழும் மூன்றும் பத்து. ஒன்பதைச் சேர்த்தால் பத்தொன்பது. இருபத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து, முப்பத்தெட்டு.

ஏழைச் சேர்த்தாள்.

"எடுத்துடுங்க."