கசப்புக்கு மாற்று

நாற்பது நாள் மணத்தக்காளிச் சாறு குடித்தும் மிளகாய்க்காட்டுக் கூலி கூத்தையாவுக்கு வயிற்றுப்புண் ஆறவில்லை.

“இதுக்கும் கேக்கலேன்னா மதுரையில வயித்தைக் கிழிச்சுத்தான் பாக்கணும்” என்றார் கமுதி வைத்தியர்.

அவன் பெண்டாட்டி ராக்கு முந்திக்கொண்டு சொன்னாள். “வெறும் வயித்துலதான் குடுக்குறேன்யா. குடிச்ச கையோட காட்டுக்குப் போயிருவாக. எங்க வீட்டுக் குழம்பு மிளகாயைப் பாத்தே நாப்பது நாளாச்சு.”

“எங்க, என் கண்ணு முன்னால குடிலே.”

வைத்தியர் நீட்டிய சாற்றைக் கூத்தையா ஒரே மடக்கில் விழுங்கினான். முகம் கோணியது. மடியிலிருந்து ஒரு வற்றல் மிளகாயை எடுத்து நறுக்கென்று கடித்தான்.

“என்னலே இது?”

“கசப்பு போக வேணாமாய்யா? தெனமும் போற வழியில ஒண்ணு கடிச்சுக்கிருவேன்.”

ராக்கு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“அப்ப நாப்பது நாளா நான் எதுக்குய்யா சப்புன்னு தின்னேன்?”