வாலைப் பிடித்த கை

வெண்கலக் கண்ணன் காளியன் தலைமேல் ஆடிக்கொண்டிருந்தான். அவன் ஒரு கை பாம்பின் வாலைப் பிடித்திருந்தது.

"ஊரே பார்க்க ஒரு பொடியன்கிட்ட மிதிபட்டுக் கிடக்கியே, வெட்கமா இல்லே? ஒரு உதறு உதறேன்" என்று கண்ணன் காலில் இருந்த சலங்கை தினமும் சீண்டும்.

காளியனுக்கும் அந்த ஆசை உண்டு. சாமி புறப்பாட்டன்று, பல்லக்கு தெருமுனையில் திரும்பும்போது உதறிவிடுவதென்று காத்திருந்தான்.

திருப்பத்தில் பல்லக்குத் தூக்குகிறவர்கள் வழக்கம்போல் குலுக்கி ஆட்டினார்கள். பல்லக்கு சாய்ந்தது. வாலைப் பிடித்திருந்த குட்டிக் கை சட்டென்று இறுகியது.

காளியன் படத்தை விரித்து, கண்ணன் சாய்ந்த பக்கத்தை மெல்ல உயர்த்திக் கொடுத்தான்.

"என்ன, உதறலியா?" என்றது சலங்கை.

"சும்மா இரு. பிள்ளை பயந்திருக்கான்."

தெருவில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாம்பை என்னமா அடக்கி வெச்சிருக்கான் பாரு!"

ஆமாம் என்பதுபோல் காளியன் அசையாமல் இருந்தான்.